ஸ்கோர் என்னப்பா?

அன்புள்ள சேகர்,

பொங்கலுக்கே எழுதியிருக்க வேண்டியது. உன் இரண்டு கடிதங்களும் பதில் போடாமல் மேசையிலேயே கிடக்கின்றன. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாக நம் பல்லு சொன்னான், சந்தோஷம். இங்கே கனடாவில், பர்னபியில் எல்லோரும் சுகம் என்று எழுத முடியாததால்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

மூன்று வாரத்துக்கு முன்பு சின்னவனுக்கு ஐஸ் ஹாக்கி மேட்ச். தலையைக் குனிந்தபடி பக்கை, அதாவது பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டைத் தள்ளிக்கொண்டு வந்தவனை எதிர் அணிப் பையன் ஒருவன் தோளால் மோதிச் சாய்த்தான். விழுந்தவன் எழுந்து, தானாகவே பெஞ்சுக்குப் போய்விட்டான். ஓடிப்போய்ப் பார்த்தேன். "ஸ்கோர் என்னப்பா?" என்றான். சொன்னேன். கையுறையைக் கழற்றினான், திரும்ப மாட்டினான். "ஸ்கோர் என்னப்பா?" மூன்றாவது தடவையும் அதையே கேட்டபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அவன் கோச்சோ, "நன்றாகத்தான் இருக்கிறான், இறங்கட்டும்" என்கிறார். நான் பையன் கையை விடவில்லை. அப்போது அவன் சொன்னான்: "கரியா திரும்பி வந்து கோல் போட்டாரே, நீதானே சொன்னே!"

நான்தான் சொன்னேன், சேகர். பத்து தடவையாவது சொல்லியிருப்பேன்.

ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர் பால் கரியா நினைவிருக்கிறாரா? நான் இங்கே வந்த புதிதில் எழுதியதற்கு, "பாலும் கரியும் ஒரே ஆளிடமா?" என்று பதில் போட்டாயே, அவரேதான். வான்கூவரில் பிறந்தவர், இந்த பர்னபியில் ஆடி வளர்ந்தவர். அமெரிக்காவில் மேன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் வருஷமே, 1992-93ல், 39 ஆட்டத்தில் 100 புள்ளி. கல்லூரி ஐஸ் ஹாக்கியின் பெரிய விருதான ஹோபி பேக்கரை முதலாண்டு மாணவர் ஒருவர் வாங்கியது அதுதான் முதல் தடவை. அந்த நூறில் கோல் 25தான். மற்ற 75ம் அடுத்தவன் கோல் போட இவர் கொடுத்த பாஸ். இறுதி ஆட்டத்தில் கடைசிப் பகுதி தொடங்கும்போது 4-2 என்று பின்தங்கியிருந்தார்கள். ஐந்து நிமிடத்துக்குள் இவர் அணியின் ஜிம் மான்ட்காமரி மூன்று கோல் போட்டார். மூன்றுக்கும் பாஸ் கரியாவுடையது. 5-4, கோப்பை! "பாஸ் குடுறா, பாஸ் குடுறா" என்று தொண்டை கிழியக் கத்துவாரே நம் கோச் சார், அவர் அதைப் பார்த்திருந்தால் அழுதிருப்பார்.

அப்புறம் நடந்ததுதான் என்னைத் தூங்கவிடுவதில்லை. 1998 பிப்ரவரியில் ஒருவன் மட்டையைக் குறுக்கே பிடித்துத் தாடையில் இடித்தான். அந்த மாதமே ஜப்பானின் நாகானோவில் ஒலிம்பிக்ஸ். இவர் மூதாதையர் நாடு ஜப்பான். போர்க்காலத்தில் ஜப்பானியர்களைக் கனடா அடைத்து வைத்த முகாமில் பிறந்தவர் இவர் அப்பா. அந்த மண்ணில் ஆடும் வாய்ப்பு போயே போய்விட்டது.

அமெரிக்க, கனடிய அணிகள் ஆடும் தொழில்முறை லீகான என்எச்எல்லின் 2003 இறுதிச் சுற்று, ஆறாவது ஆட்டம். எதிரணியின் ஸ்காட் ஸ்டீவன்ஸ் மோதியதில் கரியா பனியில் அசையாமல் கிடந்தார். மூச்சு வந்தது தெரிந்ததே, ஹெல்மெட்டின் முகக்கண்ணாடியில் ஆவி படிந்ததால்தான். உள்ளே கூட்டிப் போனார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே திரும்பி வந்து கோல் அடித்தார். அரங்கமே எழுந்து நின்றது. நானும் வீட்டில் எழுந்து நின்றேன். போன வாரம் அதை மறுபடி போட்டுப் பார்த்தேன். கோல் வரை பார்க்க முடியவில்லை, அந்த ஆவி படிந்த இடத்திலேயே நிறுத்திவிட்டேன். அவரை அன்று உட்காரவைக்க ஒருவருக்கும் மனம் வரவில்லையே!

2009 டிசம்பரில் தலையில் இன்னொரு அடி. அடுத்த பருவம் முழுக்க ஆடவில்லை. 2011ல், 36 வயதில், டாக்டர்கள் சொல் கேட்டு விலகினார். என்எச்எல்லில் 989 ஆட்டம், 989 புள்ளி. 2017ல் ஹாக்கி மேதைகளுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள், சரி. தலையில் குறிவைத்து மோதுவதற்கென்று ஒரு விதி வர 2010 ஆகிவிட்டது.

சின்னவனுக்கு வெளிச்சம் பட்டால் தலைவலி இன்னும் இருக்கிறது. படிப்படியாகத்தான் விளையாட விடலாம் என்கிறார் டாக்டர். நேற்று ஸ்கேட்டைத் தேடினான். கார் டிக்கியில் இருக்கிறது, நான் சொல்லவில்லை.

கோவில்பட்டி மைதானத்தில் பல்லுவுக்கு நெற்றியில் ஹாக்கிப் பந்து பட்டதே, முகத்தில் தண்ணீர் அடித்து மறுபடி இறக்கினோமே. நீயும் நானும்தான் தூக்கி நிறுத்தினோம். அவனுக்கு அதற்குப் பிறகு தலைவலி ஏதாவது வந்ததா என்று ஒரு நாள்கூட நாம் கேட்டதில்லை. அடுத்த தடவை பார்க்கும்போது கேட்டு எழுது.

உன்,
ராஜா