மரம் வெட்ட மனு: ‘ஆபத்து’ என்று எழுதினால் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

சொந்த மனையில் நிற்கும் மரம்தானே என்று சென்னையில் யாரும் தாமாக வெட்டிவிட முடியாது. மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் மனு கொடுத்து, பூங்காத் துறையினர் வந்து பார்த்து, மாவட்ட பசுமைக் குழு இசைந்த பிறகுதான் ரம்பம் வைக்கலாம். சந்தன மரமென்றால் வனத்துறையையும் அணுக வேண்டும்.

மனுக்கள் இழுபடுவதற்குப் பெரிய காரணம், “மரம் ஆபத்தான நிலையில் உள்ளது” என்ற ஒற்றை வரி. எந்த மரம், என்ன சுற்றளவு, எந்தப் பக்கம் சாய்கிறது, விழுந்தால் எதன் மேல் விழும்? இவற்றை எழுதுங்கள். சுற்றளவைத் தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் டேப் வைத்து எடுக்க வேண்டும். சொத்துவரி ரசீது நகல், முழு மரம் தெரியும் படம் ஒன்று, பழுதைக் கிட்டத்தில் காட்டும் படங்கள் இரண்டு மூன்று, அடுக்ககம் என்றால் சங்கத் தீர்மானம் ஆகியவற்றையும் சேர்த்துக் கொடுத்தால் ஆய்வுக்கு வருபவர் திரும்பக் கேட்க வேண்டியிராது.

பழுதைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. மண்ணை ஒட்டி அடிமரத்தில் அரைத்தட்டு வடிவில், பழுப்பாக, கட்டை போல் கெட்டியான காளான் முளைத்திருந்தால் வேர் அழுகுகிறது என்று பொருள். மரச்சுத்தியலால் சுற்றிலும் தட்டினால் உள்ளே பொந்து விழுந்த இடத்தில் பானையைத் தட்டுவது போல் ஒலிக்கும். சாய்வு மட்டும் குற்றமில்லை; சிறு வயதிலிருந்தே சாய்ந்து வளர்ந்த மரம் அதற்கேற்ப வேர் பிடித்திருக்கும். சாய்வுக்கு எதிர்ப்பக்கம் மண் புடைத்து விரிசல் விட்டிருந்தால்தான் அவசரம். மழைநீர் வடிகாலுக்கோ கேபிளுக்கோ பள்ளம் தோண்டி ஒரு பக்க வேரை அறுத்திருந்தால் அதையும் தவறாமல் குறிப்பிட வேண்டும். 2016 வர்தா புயலில் குல்மோகரும் பெருங்கொன்றையும் ஏராளமாகச் சாய்ந்தன. இவற்றின் கட்டை எளிதில் முறியும்; வேர் ஓட இடமில்லாவிட்டால் காற்றுக்கு நிற்காது.

சுற்றுச்சுவர் விரிசலுக்கும் கழிவுநீர்க் குழாய் அடைப்புக்கும் மரத்தையே வெட்டக் கேட்பது வீண். வேர் போகும் இடத்தில் சுவரை மூன்றடி உடைத்து, மேலே லிண்டல் (குறுக்கு விட்டம்) போட்டுத் தாண்டிக் கட்டலாம். நல்ல குழாயை வேர் துளைப்பதில்லை. பழைய ஸ்டோன்வேர் (சுட்ட களிமண்) குழாயின் ஜாயின்ட் கசிந்தால்தான் ஈரம் தேடி உள்ளே நுழையும். குழாயை பி.வி.சி.க்கு மாற்றினால் பிரச்சினை தீரும்.

கிளையைக் குறைத்தால் போதும் என்ற முடிவு வந்தால் மொட்டையடிக்க விடாதீர்கள். வெட்டுவாயில் கொத்தாகக் கிளம்பும் புதுக் கிளைகளுக்குப் பிடிப்பு இருக்காது. இரண்டு மூன்று மழைக்காலத்தில் அவையே ஒடிந்து விழும். பெரிய கிளையென்றால் அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளி முதலில் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுக்க வேண்டும். பிறகு இன்னும் சற்றுத் தள்ளி மேலிருந்து அறுத்துக் கிளையை இறக்க வேண்டும். மிஞ்சிய அடித்துண்டைக் கடைசியாக, கிளை தொடங்கும் இடத்துப் புடைப்பு சேதப்படாமல் எடுக்க வேண்டும். ஒரே வெட்டில் இறக்கினால் கிளையின் பாரம் பட்டையை அடிமரம் வரை உரித்துவிடும். மின்கம்பி அருகில் இருந்தால் மின்வாரியம் இணைப்பைத் துண்டித்த பிறகே வேலை தொடங்க வேண்டும்.

அனுமதி தாமதமாகிறது என்று வேரில் ஆசிட் ஊற்றுகிறவர்களும் உண்டு. இது கொடுமை, அபாயமும்கூட. பட்டுப்போன மரத்தில் ஏறுபவருக்குக் கயிறு கட்ட உறுதியான கிளை கிடைக்காது.

மாநகராட்சிக்கு இரண்டு கோரிக்கைகள். சுற்றளவு, சாய்வு, காளான், வேர் அறுப்பு என்று தனித்தனிக் கட்டங்களோடு மனுப் படிவத்தைத் தாருங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள். அடுத்தது, வெட்டும் ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று நட வேண்டும் என்ற நிபந்தனை. அரை கிரவுண்ட், அதாவது 1,200 சதுர அடி மனையில் வீடு போக மிஞ்சும் இடத்தில் பத்து மரம் வளராது. பூங்கா, பள்ளி, ஏரிக்கரை எனக் கன்று நடத்தக்க இடங்களை மண்டலவாரியாக அறிவித்து, இரண்டு கோடை தண்ணீர் ஊற்றும் பொறுப்பு யாருக்கு என்பதையும் அனுமதிக் கடிதத்திலேயே குறிப்பிடுங்கள்.

மனுவை ஜூன், ஜூலையிலேயே கொடுத்துவிட்டால் அக்டோபர் மழைக்கு முன் வேலை முடியும். புயலில் சாய்ந்து நிற்கும் மரத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். உடனே மாநகராட்சியின் 1913 உதவி எண்ணை அழையுங்கள்.

இப்படிக்கு,
வாசகர்கள்,
மேற்கு மாம்பலம், சென்னை.