எங்கள் பொரியைப் பார்த்துக்கொண்ட எல்லோருக்கும்

எல்லோருக்கும் வணக்கம்.

பொரி போய் இன்றோடு பதினாறு நாள். மனிதர்கள் என்றால் இன்றைக்குக் கருமாதி கும்பிட்டு, துணைக்கு நின்ற ஒரம்பரை சனத்துக்கெல்லாம் இலை போட்டுச் சாப்பிட வைத்து அனுப்பியிருப்போம். பொரி ஒரு கினிப்பன்றி. ஆனால் அதற்காக இந்தப் பதினாலு மாதம் ஓடியவர்கள் ஒரு பந்தி நிறைய இருக்கிறீர்கள். இலை போட முடியாததால் எழுதுகிறேன். பேர் போட வேண்டாம் என்று இரண்டு மூன்று பேர் சொன்னதால் யார் பேரையும் போடவில்லை, கூப்பிடுகிற முறையிலேயே எழுதியிருக்கிறேன், அவரவருக்குத் தெரியும்.

பார்த்திராதவர்களுக்காக: கினிப்பன்றி என்பது பன்றியும் இல்லை, கினி நாட்டு உயிரும் இல்லை. தென் அமெரிக்காவில் ஆண்டிஸ் மலைப்பக்கத்தைச் சேர்ந்தது, வால் கிடையாது, ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். 2020 தை மாதம் மகளுக்காக இரண்டு குட்டி வாங்கினோம். கருப்பாக இருந்தது எள்ளு. வெள்ளையில் பழுப்புத் திட்டு விழுந்தது பொரி. சந்தோசம் வந்தால் கினிப்பன்றி நின்ற இடத்திலேயே எகிறித் துள்ளும், சூடான சட்டியில் சோளம் பொரிகிற மாதிரி, தலை ஒரு பக்கம் இடுப்பு ஒரு பக்கமாக. வந்த முதல் வாரமே அது துள்ளியதைப் பார்த்து மகள் வைத்த பேர் அது. எள்ளு மூன்று வருடத்தில் போய்விட்டது.

2024 புரட்டாசியில் பொரி துள்ளுவதை நிறுத்தியது. நான் கவனிக்கவில்லை. பனியன் கம்பெனியில் சீசன் நேரம், ஒன்றரை ஷிப்ட் ஓடிக்கொண்டிருந்தது, வீட்டுக்கு வந்தால் தீனி வைத்துவிட்டுப் படுத்துவிடுவேன். கண்டுபிடித்தது பக்கத்து வீட்டு ஆத்தாதான். "ஏங்கண்ணு, அது வலது கால ஊனவே மாட்டீங்குது, பாத்தியா?" என்று கேட்டார்கள். ஐம்பது வருடம் ஆடு வைத்திருந்த கண். கையில் எடுத்துப் பார்த்தால் பின்னங்கால் முட்டி தடித்திருந்தது, தொட்டதும் கீச்சென்று கத்தியது. ஆத்தா, முதல் நன்றி உங்களுக்குத்தான். நீங்கள் சொல்லாமல் போயிருந்தால் இன்னும் எத்தனை நாள் அந்தக் காலோடு அது தீனித் தட்டுக்கு இழுத்து இழுத்து வந்திருக்குமோ.

முதலில் போன இடத்தைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. எடை போடவில்லை, தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "காய்ச்சலா இருக்கும்" என்று குழந்தைகளுக்குக் கொடுக்கிற அமாக்சிசிலின் சிரப்பை எழுதிக் கொடுத்தார்கள். நானும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அன்று இரவு, நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படிக்கிற எங்கள் நாத்தனார் மகளுக்குப் போனில் சும்மா சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் அவள் பதறினாள். "அத்தை, அத வாயில ஊத்திராதீங்க!" கினிப்பன்றிக்குக் குடலில் இருக்கிற நல்ல கிருமிகளை வைத்துத்தான் புல்லே செரிக்கும், அமாக்சிசிலின் மாதிரியான மருந்து வாய்வழியாகப் போனால் அவை செத்து, கெட்ட கிருமி பெருகி, உயிரே போய்விடும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அம்மணி, நீ அன்றைக்குப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய், போனை எடுக்காமலேகூட இருந்திருக்கலாம். எடுத்ததற்கு நன்றி. அதோடு விடாமல் யார் யாரையோ கேட்டு, இந்த மாதிரிச் சின்ன உயிர்களைப் பார்க்கிற கோயமுத்தூர் டாக்டரம்மாவைக் கண்டுபிடித்துச் சொன்னதும் நீதான்.

டாக்டரம்மா, உங்களிடம் முதல் நாள் வந்தபோது நீங்கள் பொரியை மேசையில் வைக்கவில்லை. தரையில் துணி விரித்து, அது நடக்கிறதைப் பத்து நிமிடம் குந்த உட்கார்ந்து பார்த்தீர்கள். அப்புறம்தான் எக்ஸ்ரே. இரண்டு முட்டியிலும் தேய்மானம். வயதானால் கினிப்பன்றிக்கு இது சாதாரணம் என்றீர்கள். நம்மைப் போலவே அதன் உடம்பும் வைட்டமின் சியைத் தானே செய்துகொள்ளாது, தினமும் தீனியில் வந்தாக வேண்டும், குறைந்தால் மூட்டு வலி இன்னும் ஏறும் என்று விளக்கினீர்கள். நான் தண்ணீர் பாட்டிலில் சொட்டு மருந்து கலந்து வந்தேன், அது வெளிச்சத்திலும் தண்ணீரிலும் சீக்கிரம் வீணாகிவிடும் என்று நீங்கள் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது. திட்டாமல், "இனிமே வாயில கொடுத்துக்கலாம்மா" என்று மட்டும் சொன்னீர்கள்.

அங்கிருந்து ஆரம்பித்தது. வலிக்கு மெலாக்சிகாம் சொட்டு. உழவர் சந்தைக் கீரைக்கார அக்கா, ஒரு கட்டுக் கொத்தமல்லித் தழையும் இரண்டு குடைமிளகாயும் எனக்காகத் தனியே ஈரத்துணியில் சுற்றி வைப்பீர்கள், நான் ஷிப்ட் முடிந்து வர நேரமானால் சந்தை கலைந்த பிறகும் சித்த நேரம் காத்திருப்பீர்கள். காங்கயம் பக்கத்துச் சின்ன மாமனார், குதிரைமசால் என்கிற தீவனத் தழையை நீங்கள் முதலில் ஆசையாக அறுத்து அனுப்பினீர்கள், வளர்ந்த கினிப்பன்றிக்கு அதில் சுண்ணாம்புச் சத்து அதிகம், மூத்திரக்கல் வந்துவிடும் என்று நான் சொன்னதும் கோபித்துக்கொள்ளாமல் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப் புல்லை அறுத்து நிழலில் காயவைத்து மூட்டை கட்டி பஸ்ஸில் போட்டுவிட்டீர்கள். பொரி அந்தப் புல்லைக் கதிரோடு சேர்த்து அப்படி மெல்லும். கினிப்பன்றிக்குப் பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும், தேய்வதற்குப் புல்தான் வழி. உங்கள் காட்டுப் புல் வந்த பிறகு அதற்குப் பல் தொந்தரவு என்று ஒரு நாளும் வந்ததில்லை.

கட்டிங் மாஸ்டர் அண்ணா, ஃப்ளீஸ் துணி வேஸ்ட்டை நீங்கள் கிலோக் கணக்கில் போடாமல் எனக்குப் பை பையாகக் கொடுத்தீர்கள். அடியில் பழைய டர்க்கி டவல், மேலே ஃப்ளீஸ், நாலு பக்கமும் நானே ஓவர்லாக் அடித்தேன். ஓரம் அடிக்காவிட்டால் நூல் பிரிந்து காலில் சுற்றிக்கொள்ளும். பன்னிரண்டு விரிப்பு தைத்தேன், கடைசிவரை அதில்தான் படுத்தது.

இப்படியே போயிருந்தால் பரவாயில்லை. 2025 பங்குனி, பண்ணாரி அம்மன் கோயில் குண்டம் திருவிழா முடிந்த வாரம். ராத்திரி இரண்டு மணிக்கு ஆந்தைக் குஞ்சு கத்துகிற மாதிரி மெல்லிசாக ஒரு சத்தம். எங்கோ வெளியே என்று நினைத்துப் படுத்தேன். மறுபடி கேட்டது. பொரியின் மூச்சிலிருந்து வந்த சத்தம் அது. பக்கவாட்டு இரண்டும் உள்ளே போய்ப் போய் வந்தது. விடியும் முன்னே ஆட்டோக்காரத் தம்பி வந்து நின்றான். கோயமுத்தூர் போகிற வரைக்கும் வழியில் ஒரு தடவைகூட ஹாரன் அடிக்கவில்லை, வேகத்தடை வரும்போதெல்லாம் "அக்கா, கூடைய மடியில தூக்கிக்குங்க" என்று முன்கூட்டியே சொன்னான். எக்ஸ்ரேயில் இதயம் பெருத்துத் தெரிந்தது, நுரையீரலில் நீர். இதயத்தை ஸ்கேன் செய்கிற எக்கோவில் இதயத் தசை தளர்ந்து போனது உறுதியானது. நிமிடத்துக்கு இருநூற்று முப்பதிலிருந்து முன்னூற்று எண்பது தடவை வரை அடிக்கிற குட்டி இதயம் அது. நம்முடையது எழுபத்திரண்டுக்கே களைக்கிறது.

அப்புறம் நடந்ததைத்தான் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் இரண்டு சீக்கும் ஒன்றை ஒன்று இழுத்தது. நுரையீரல் நீரை வடிக்க ஃபுரோசமைட் என்கிற நீர் மாத்திரை, இதயத்துக்குத் துணையாகப் பிமோபென்டான். நீர் மாத்திரை கொடுத்தால் உடம்பு வற்றிச் சிறுநீரகம் சிரமப்படும், மூட்டுக்குக் கொடுக்கிற வலி மருந்தும் அதே சிறுநீரகத்தைத்தான் பதம் பார்க்கும். வலி மருந்தை நிறுத்தினால் நடக்காது. நடக்காவிட்டால் தீனிக்கும் தண்ணீருக்கும் போகாது, கினிப்பன்றி ஒரு பொழுது சாப்பிடாமல் கிடந்தாலே குடல் நின்றுவிடும். நடக்கவிட்டால் இதயம் களைக்கும். நீர் மாத்திரையால் மூத்திரம் எச்சாகப் போகும், நனைந்த விரிப்பில் உட்கார்ந்தால் பாதம் புண்ணாகும். டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்து, மெலாக்சிகாமைக் குறைத்து, காபாபென்டின் என்கிற வேறு வலி மருந்தைச் சேர்த்து, பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை அளவை மாற்றிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு தடவையும் ஏன் மாற்றுகிறேன் என்று எனக்குப் புரியும்வரை சொன்னார். ஓவர்லாக் அடிக்கிற பெண்ணுக்கு இதெல்லாம் எதற்கு என்று அவர் ஒரு நாளும் நினைக்கவில்லை.

மருந்துக் கடை அண்ணா, நாய்க்கு வருகிற மாத்திரையைச் சீட்டில் எழுதிய அளவுப்படி பொடித்து, ஒவ்வொரு வேளைக்கும் தனித்தனிப் பொட்டலம் மடித்துக் கொடுத்தீர்கள், காலை மாலை என்று மேலே பேனாவில் எழுதி. ஒரு வேளை தவறியதில்லை என்றால் அந்தப் பேனா எழுத்துதான் காரணம். சூப்பர்வைசர் அண்ணா, மதியம் ஒரு மணிக்குப் பொரியைப் பார்த்துவிட்டு வர இருபது நிமிடம் என்னை விட்டீர்கள், ஒரு நாள்கூட அந்த இருபது நிமிடத்தைக் கணக்கில் பிடிக்கவில்லை.

சித்திரை வெயில். எங்கள் வீடு தளம் போட்ட தார்சுக் கட்டடம், மதியத்தில் சுவரைத் தொட முடியாது. முப்பது டிகிரியையே தாங்காத உயிர், அதுவும் இதயம் பழுதானது. ஆத்தாதான் வந்து கூடையோடு தூக்கிக்கொண்டு போனார்கள். அவர்கள் வீடு ஓட்டு வீடு, ஆசாரம் என்கிற முன்கூடத்தில் எப்போதும் குளுமை. சன்னலுக்கு ஈரச்சாக்கு கட்டி, உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, அறுபது நாள் பகல் முழுக்க அங்கேதான். தூங்கும்போது மூச்சை எண்ணிப் பழக்கிக் கொடுத்தேன். பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்க வேண்டும். ஆத்தாவுக்குப் பெருக்கல் வராது, அதனால் எண்ணினதை அப்படியே காலண்டர் தாளில் கோடு கோடாகக் கிழித்து வைப்பார்கள், நான் பொழுதோடு வந்து பார்த்துக் கணக்குப் போடுவேன். வைகாசியில் ஒரு நாள் கோடு வழக்கத்தைவிட எட்டு அதிகமாக இருந்தது. உடனே போன் செய்தோம், அன்றிரவே மருந்து கூடியது, மறுநாள் மூச்சு இறங்கியது. அந்தக் காலண்டர் தாள்களை நான் எடுத்து வைத்திருக்கிறேன் ஆத்தா.

அடுத்த வீதி அண்ணன், 2021 கொரோனாவில் உங்கள் அப்பாவுக்காக வாங்கின ஆக்சிஜன் மெஷினை நான் கேட்கத் தயங்கிக்கொண்டு வாசலிலேயே நின்றேன். அப்பா ஞாபகமாக வைத்திருக்கிற பொருள், எலிக்குக் கேட்கிறாளே என்று நினைப்பீர்களோ என்று பயம். நீங்கள் ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்த் துணியை எடுத்துத் தூசி தட்டி, வண்டியில் வைத்து வீட்டுக்கே கொண்டுவந்து, பிளாஸ்டிக் டப்பாவில் துளை போட்டு டியூபும் மாட்டிவிட்டுப் போனீர்கள். ஐந்து இராத்திரி அதில்தான் பொரி மூச்சு விட்டது.

என் பக்கத்து மெஷின் அக்கா, எக்கோவுக்குப் பணம் புரட்டிய மாதம் உங்கள் சீட்டு முறையை எனக்கு விட்டுக் கொடுத்தீர்கள். மகளுக்குக் காது குத்து வைத்திருந்தீர்கள், அதைத் தள்ளிப் போட்டதை நான் பிறகுதான் கேள்விப்பட்டேன்.

ஆடியில் காற்று திரும்பி வெக்கை குறைந்தது. ஒரு சாயங்காலம் கொத்தமல்லிக் கட்டின் காகிதம் சரசரத்த சத்தத்துக்குப் பொரி விக் விக் என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தது. வந்து, முன்னங்கால் இரண்டையும் தரையிலிருந்து ஒரு விரல்கடை தூக்கி, தலையை ஒரு பக்கம் வெட்டியது. பின்னங்கால் எழவில்லை. பாதித் துள்ளல். மகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நீங்கள் எல்லோரும் செய்ததற்கு என்ன பலன் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். அன்றைக்கு அதற்கு வலி இல்லை, மூச்சு முட்டவில்லை, மல்லித்தழை பிடித்திருந்தது.

ஐப்பசியில் தீனி குறைந்தது. ஊறவைத்துக் கரைத்த தீனியை ஊசி இல்லாத சிரிஞ்சில் வாய் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினோம். சமையல் தராசில் காலையும் மாலையும் எடை. தொள்ளாயிரத்து எண்பது கிராம் இருந்தது எழுநூற்றுப் பத்துக்கு வந்தது. கார்த்திகை தீபம் முடிந்த மறுநாள் விடியற்காலை, ஃப்ளீஸ் விரிப்பில், மகளின் உள்ளங்கைமேல் தாடையை வைத்தபடியே போய்விட்டது. ஆத்தா தன் வீட்டுப் பொடக்காளியில் எலுமிச்சைக்குப் பக்கத்தில் குழி எடுக்கச் சொன்னார்கள். "சாமி, வெசனப்படாம போ" என்று மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். ஆட்டோக்காரத் தம்பி வேலைக்குப் போகாமல் வந்து நின்றான்.

ஆக்சிஜன் மெஷினைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கட்டிங் மாஸ்டர் அண்ணா கொடுத்த துணியில் தைத்த விரிப்பு பன்னிரண்டும் வெந்நீரில் அலசி வெயிலில் காயவைத்து மடித்திருக்கிறேன். பிரிக்காத சிரிஞ்சு ஒன்பது, கிராம் காட்டுகிற தராசு, கொழுக்கட்டைப் புல் அரை மூட்டை இருக்கிறது. மாத்திரை மீதியை டாக்டரம்மாவிடம் ஒப்படைத்துவிட்டேன். பெருமாநல்லூர், அவிநாசி, திருப்பூர்ப் பக்கம் யார் வீட்டிலாவது வயதான கினிப்பன்றி இருந்தால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு முழுக்க வீட்டில்தான் இருப்பேன். சிரிஞ்சில் எப்படி ஊட்டுவது, மூச்சை எப்படி எண்ணுவது என்று மகள் காட்டிக் கொடுப்பாள். நான் இல்லாவிட்டால் ஆத்தா வீட்டில் கேளுங்கள், அவர்களுக்கும் எல்லாம் தெரியும்.