காசா, காதா?

அம்முவுக்கு,

நேற்று ராத்திரி இசை நிகழ்ச்சி முடிந்து நீ அனுப்பின வாய்ஸ் மெசேஜை மூன்று தடவை கேட்டேன். “செம ஷோப்பா, காது இன்னும் ஙொய்ங்னு கத்திக்கிட்டே இருக்கு” என்று சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு. பின்னால் உன் தோழிகளும் சிரிக்கிறார்கள். அரங்கத்தை விட்டு வெளியே வந்த பிறகும் தாளம் உடம்பை விட்டு இறங்காமல் நிற்குமே, அந்தச் சந்தோஷம் அப்படியே குரலில் இருந்தது. உடனே போன் போட்டு அதைக் கெடுக்க மனசு வரவில்லை. அதனால்தான் கடிதம். கூடவே ஒரு சின்ன டப்பாவும் வைத்திருக்கிறேன். டப்பா விஷயத்தைப் பிறகு சொல்கிறேன்.

போன மாசம் போனில், “காசு சரியா வந்துச்சாப்பா?” என்று கேட்டாய். அதற்கு முந்தின வாரம் எனக்கு ஜலதோஷம் பிடித்துக் காது அடைத்திருந்தது. “காதுக்கென்ன, சரியாத்தான் இருக்கு” என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாய். அம்மாவிடமும் சொல்லிச் சிரித்தாயாம். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை அம்மு. எனக்கு அப்படித்தான் கேட்டது.

மறுநாளே போய்க் காதைப் பரிசோதித்துக்கொண்டேன். கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறை, காதில் ஹெட்போன், கையில் ஒரு பொத்தான். சத்தம் கேட்டால் அமுக்கணும். அரைமணி நேரம் கழித்து, பரிசோதித்த பெண் ஒரு வரைபடத்தை என் பக்கம் திருப்பினார். கோடு இடமிருந்து வலமாக ஒழுங்காக வந்துகொண்டே இருக்கிறது, 4000 ஹெர்ட்ஸ் (ஒலி எவ்வளவு கீச்சென்று இருக்கிறது என்பதற்கான அளவு) கிட்ட வந்ததும் பள்ளத்தில் விழுந்து, 8000-இல் கொஞ்சம் ஏறுகிறது. “சத்தமான இடத்துல வேலை பார்த்தீங்களா?” என்றார். நான் ஒன்றும் சொல்லாமலே அந்தப் பள்ளம் சொல்லிவிட்டது. பேச்சில் ஆ, ஊ என்கிற உயிர் ஒலிகள் எல்லாம் கீழ் ஸ்தாயி. ‘ச’வில் வருகிற சீறல் மேலே, அந்தப் பள்ளத்துக்குள்ளே இருக்கிறது. அதனால் நீ பேசுவது எனக்குக் கேட்காமல் இல்லை, கேட்கிறது. காசா, காதா என்றுதான் தெரிவதில்லை.

22 வருஷம் கச்சேரிகளில் சவுண்டு மிக்சர் (எல்லாச் சத்தத்தையும் கலந்து அளவு வைக்கிற பலகை) முன்னால் நின்றேன் என்பது உனக்குத் தெரியும். இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். சாயங்காலம் சவுண்டு செக் பண்ணும்போது எல்லாம் கச்சிதமாக வைப்பேன். நிகழ்ச்சி ஆரம்பித்து இரண்டு மணி நேரம் போனால் டிரம்மோடு இருக்கிற சிம்பல் தட்டின் ஓசை மங்கின மாதிரி இருக்கும், பாடுகிறவரின் வார்த்தை தெளிவில்லாத மாதிரி இருக்கும். உச்ச ஸ்தாயியை ஏற்றுகிற ட்ரெபிளைக் கொஞ்சம் திருகுவேன். இன்னும் கொஞ்ச நேரம் போனால் மொத்தச் சத்தத்தையும் ஏற்றி இறக்குகிற மாஸ்டர் ஃபேடரையே ஒரு விரல்கடை மேலே தள்ளுவேன். மறுநாள் காலையில் ரெக்கார்டிங்கைப் போட்டுக் கேட்டால், கடைசி நாலு பாட்டும் தகரத்தை ஆணியால் கீறின மாதிரி இருக்கும். ஸ்பீக்கர்மேல் பழி போட்டேன், ஆம்ப்ளிஃபயர்மேல் போட்டேன். மங்கினது என் காது என்று புரிய எத்தனையோ வருஷம் ஆனது. என் காது களைக்கக் களைக்க, முன்னால் நின்ற கூட்டத்துக்கு நான் ஏற்றிக்கொண்டே போயிருக்கிறேன். நேற்று நீ நின்ற இடத்தில் அன்றைக்கு யார் வீட்டுப் பெண்ணோ நின்றிருப்பாள். ஆகவே இதை அறிவுரை என்று எடுத்துக்கொள்ளாதே. அதற்கு எனக்குத் தகுதி கிடையாது.

அந்தக் காலத்தில் எங்களுக்குச் சத்தம்தான் கௌரவம். தி ஹூ என்ற ஆங்கிலேய ராக் குழு 1976-இல் லண்டனில் ஒரு கால்பந்து மைதானத்தில் வாசித்தபோது, 32 மீட்டர் தள்ளி 126 டெசிபல் பதிவானது. கின்னஸ் புத்தகத்தில் ஏறின கணக்கு. அந்த 126-ஐ நாங்களே சாதித்த மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்தோம். பிற்பாடு, யாரும் போட்டி போட்டுக் காதைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்று கின்னஸ்காரர்களே அந்தப் பிரிவை நிறுத்திவிட்டார்கள்.

டெசிபல் ஒரு விசித்திரமான கணக்கு. மூன்று கூடினாலே சத்தத்தின் சக்தி இரட்டிப்பு. 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம் என்பது தொழிற்கூடங்களுக்கு வகுத்த அளவு. 88 என்றால் 4 மணி, 91 என்றால் 2 மணி என்று பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போ. 100-இல் மிஞ்சுவது 15 நிமிஷம். பெரிய நிகழ்ச்சிகளில் 100 சாதாரணம். நீ 3 மணி நேரம் நின்றாய். அதாவது, இரைச்சலான தொழிற்சாலையில் ஒருவர் 12 நாள் வேலை பார்த்து வாங்குகிற சத்தத்தை ஒரே ராத்திரியில் வாங்கியிருக்கிறாய். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் நிகழ்ச்சி அரங்குகளுக்கு ஒரு நெறிமுறை வகுத்தது. அதிலும் உச்சவரம்பு 15 நிமிஷச் சராசரியாக 100 டெசிபல்தான். ‘அப்போ 100 வரைக்கும் பயமில்லை’ என்று படித்துவிடாதே. வருகிறவர்களுக்கு இயர்பிளக் (காதில் செருகுகிற அடைப்பான்) கிடைக்கணும், காதுக்கு ஓய்வு கொடுக்க அமைதியான இடம் இருக்கணும் என்பதையும் சேர்த்துத்தான் அதில் எழுதியிருக்கிறார்கள்.

இந்நேரம் உன் காது சரியாகியிருக்கும். “தூங்கி எழுந்தா சரியாயிடுதுப்பா” என்பாய். நானும் 22 வருஷம் அதைத்தான் சொன்னேன். உட்காதில் பட்டாணி அளவில் ஒரு நத்தைக்கூடு, அதற்குள் வரிசை வரிசையாக மயிர்ச் செல்கள், ஒரு காதுக்குச் சுமார் 15,000. பிறக்கும்போது கொண்டுவந்தது அவ்வளவுதான், செத்தது முளைக்காது. (கோழிக்கு முளைக்குமாம்! 1980களில் கண்டுபிடித்தார்கள். நமக்கு அந்த யோகம் இல்லை.) 2009-இல் எலிகளை வைத்து ஓர் ஆராய்ச்சி வந்தது. இரண்டு மணி நேரம் பலத்த சத்தத்தில் வைத்தார்கள். சில நாளில் கேட்கும் திறன் பழையபடி திரும்பியது, மயிர்ச் செல்களும் சாகவில்லை. ஆனால் அந்தச் செல்லிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பு இணைப்புகளில், உச்ச ஸ்தாயிப் பகுதியில், பாதி வரைக்கும் போய்விட்டன. மனிதருக்கும் அப்படியே நடக்கிறதா என்று இன்னும் வாதம் நடக்கிறது. எலிக்கு நடந்ததே எனக்குப் போதும்.

இனி டப்பாவைத் திற.

மஞ்சள் பஞ்சு மாதிரி இருப்பது சாதாரண ஃபோம் பிளக், ஐந்து ஜோடி. அவசரத்துக்கு வைத்துக்கொள். கை கழுவிவிட்டு, ஒன்றை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே மெல்லிசுத் திரி மாதிரி மடிப்பு விழாமல் உருட்டு. வலது காதுக்குப் போடுவதென்றால் இடது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் அந்தக் காதின் மேல்நுனியை மேலும் பின்னுமாக இழு. காதுக்குள் போகிற பாதை கொஞ்சம் வளைவு, இழுத்தால் நேராகும். திரியை உள்ளே விட்டு விரல்நுனியால் பிடித்துக்கொண்டு 30 எண்ணு. உள்ளே அது மெதுவாக உப்புவது தெரியும். பாதிப் பேர் இந்த 30-ஐ எண்ணாமல் விரலை எடுத்துவிட்டு, “ஒண்ணும் குறையலையே” என்பார்கள். போட்டபின் உள்ளங்கையால் இரண்டு காதையும் பொத்திப் பார். பொத்தினால் சத்தம் நன்றாகக் குறைகிறதென்றால் பிளக் சரியாக உட்காரவில்லை. உன் குரலே உனக்குக் குடத்துக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தால் சரி. கழற்றும்போது திருகி மெதுவாக எடு, வெடுக்கென்று பிடுங்காதே.

ஃபோமில் ஒரு குறை, ‘பாட்டு நல்லாவே இல்லை’ என்று தோன்றும். தோன்றுவது நியாயம்தான். அது உச்ச ஸ்தாயியை அதிகமாக விழுங்கிவிட்டுக் கீழ் ஸ்தாயியைக் கொஞ்சமாகத்தான் தடுக்கும். கதவுக்கு அந்தப் பக்கம் கச்சேரி நடக்கிற மாதிரி ஆகிவிடும். அதனால்தான் நிறையப் பேர் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டுத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

அதற்கு மாற்றுத்தான் டப்பாவில் இன்னொரு பக்கம் இருக்கிற ஜோடி. குடை குடையாக மூன்று அடுக்கு, நடுவில் கடுகளவு வடிகட்டி. இசைக்கலைஞர்களுக்கென்றே வடிகட்டி வைத்த பிளக் 1988-இல் வந்தது, எட்டிமோட்டிக் என்ற நிறுவனத்தின் இஆர்-15. மேலும் கீழும் ஏறக்குறைய ஒரே அளவாக 15 டெசிபல் குறைக்கும். என் பாஷையில் சொன்னால், ஃபோம் என்பது ட்ரெபிளைக் குறைப்பது, இது மாஸ்டர் ஃபேடரை இறக்குவது. பாட்டு அதே பாட்டுத்தான். இப்போது கணக்கைப் போட்டுப் பார்: 100-இல் 15 போனால் 85. பதினைந்து நிமிஷம் 8 மணி நேரமாக ஆகிவிட்டது. சரியாகப் போட்டால்தான் இந்தக் கணக்கு. அட்டையில் எழுதியிருக்கிற எண் பரிசோதனைச் சாலையில் பதமாகப் போட்டு அளந்தது, நடைமுறையில் அதைவிடக் குறைச்சலாகத்தான் கிடைக்கும். அடிக்கடி போகிறவள் என்பதால், ஆடியாலஜிஸ்ட் என்கிற செவித்திறன் நிபுணரிடம் காதை அச்செடுத்து உனக்கென்றே செய்துகொண்டாலும் நல்லதுதான். அதற்கு ஆகிற காசை நான் தருகிறேன். (காசு. ‘ச’.)

பஞ்சையோ டிஷ்யூவையோ திணித்துக்கொள்ளாதே, அது மனசுக்குத்தான் மருந்து.

உள்ளே நுழைவதற்கு முன்னாலேயே போட்டுவிடு. ‘முதல் பாட்டை மட்டும் வெறும் காதால் கேட்கிறேன்’ என்பதுதான் எல்லோரும் விழுகிற இடம். நடுவில் பேசுவதற்காகக் கழற்றவும் வேண்டாம். போட்டுக்கொண்டே ஒருவர் காதுப் பக்கம் குனிந்து பேசினால், அந்த இரைச்சலில் கத்துவதைவிட நன்றாகக் கேட்கும். உன் தோழிகளிடமும் ஃபோம் இரண்டு ஜோடி கொடு. கிண்டல் பண்ணினால் மேடையைக் காட்டு. டிரம்மரின் காதில் என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொல்.

ஆம்ஸ்டர்டாமில் ஓர் இசை விழாவில் 51 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் பிளக் கொடுத்து நாலரை மணி நேரம் நிற்க வைத்தார்கள். 2016-இல் வெளிவந்த முடிவு. பிளக் போடாதவர்களின் காதுகளில் நூற்றுக்கு 42 தற்காலிகமாக மந்தமாகிவிட்டன. போட்டவர்களுக்கு 8. சவுண்டு வேலை பார்த்த எங்களிடம் அன்றைக்கு இதை யாராவது சொல்லியிருந்தால் கேட்டிருப்போமா என்றால், சத்தியமாகக் கேட்டிருக்க மாட்டோம்.

நிற்கிற இடத்துக்கும் ஒரு ரகசியம் உண்டு. ஸ்பீக்கர் அடுக்குக்கு முன்னால் நிற்பது வீரம் இல்லை, அங்கே சத்தம் மட்டும்தான் இருக்கும், பாட்டு இருக்காது. கூட்டத்துக்கு நடுவே மிக்சர் வைத்திருப்பார்கள் பார், அதன் பக்கத்தில் போய் நில். ஆபரேட்டர் தன் காதுக்குப் பிடித்த மாதிரி அமைப்பது அந்த இடத்தில் கேட்டுத்தான்.

காதில் அந்த இரைச்சல் இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பார். ஒரு காது மட்டும் திடீரென்று அடைத்துக்கொண்டு மந்தமானால் ஒரு நாள்கூடப் பொறுக்காதே. அதற்குக் கொடுக்கிற மருந்து சீக்கிரம் போனால்தான் வேலை செய்யும்.

எனக்கு இரைச்சல் நிற்பதில்லை. பகலில் அது இருப்பதே தெரியாது. ராத்திரி எல்லாச் சத்தமும் அடங்கினபிறகு, பழைய டிவியை ஆன் பண்ணினால் வருமே மெல்லிசாக ஒரு ‘ஈ’, அது தலைக்குள் ஓடும். அம்மாவுக்குத் தெரியாது. நீயும் சொல்லாதே, நானே ஒரு நாள் சொல்லிக்கொள்கிறேன்.

இன்னொன்று. அந்த வாய்ஸ் மெசேஜின் கடைசியில், சிரிப்பெல்லாம் அடங்கினபிறகு, குரலைத் தாழ்த்தி ஏதோ சொல்கிறாய். மூன்று தடவை கேட்டது அதற்காகத்தான். பிடிபடவில்லை. அம்மாவைக் கேட்டுச் சொல்லச் சொல்லியிருக்கலாம், வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அது என்ன என்று எழுதி அனுப்பு.

அப்பா