இடது பக்கம் கொஞ்சம் கம்மி

அன்புள்ள பாஸ்கர்,

இங்கே எல்லோரும் நலம். அங்கே உன் வீட்டில் தங்கச்சி முட்டிவலி தேவலையா? உன் பெண் கல்யாணத்துக்குப் பிறகு நீ எழுதிய இரண்டு கடிதத்துக்கும் வாட்ஸ்அப்பில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியதோடு சரி. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். போன் போட்டிருக்கலாமே என்பாய். போனில் ஏன் பேசவில்லை என்பதற்குத்தான் இந்தக் கடிதமே. பொறுமையாகப் படி. முதலில் சொல்ல வேண்டியதைக் கடைசியில் சொல்கிறவன் நான் என்பது உனக்குப் புதுசா என்ன?

ரிடையர் ஆன மறுவாரமே பரணிலிருந்து நம் இரும்புப் பெட்டியை இறக்கினேன். தரமணி ஹாஸ்டலில் சேர்ந்து பண்ணினோமே, அந்த 3055 டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர். ஹீட்சிங்க்கில் நீ ஆணியால் கீறிய பெயர் அப்படியே இருக்கிறது. பானை ஸ்பீக்கர் மட்டும் இல்லை. அதை உடைத்தது நம் குண்டுப் பயல்தான் என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன்.

பார்த்ததும் கை அரித்தது. ஹோம் தியேட்டரே பண்ணிவிடலாம் என்று இறங்கிவிட்டேன். முன்னால் மூன்று, பின்னால் இரண்டு என்று ஐந்து சேனலுக்கும் டிடிஏ 7294 ஐசி, அடிச்சத்தம் போடுகிற சப் ஊஃபருக்கு 5200-1943 டிரான்சிஸ்டர் ஜோடி. பெட்டிகளை வில்லிவாக்கத்தில் ஓர் ஆசாரி அடித்துக் கொடுத்தார். பதினைந்து நாளில் பவர் ஆம்ப் ரெடி. அது வண்டிமாடு மாதிரி, பூட்டினால் இழுக்கும். எந்தச் சத்தம் எந்த மூலைக்கு, எவ்வளவு, எத்தனை மில்லிசெகண்டு தள்ளி என்று பார்ப்பது ப்ரீ ஆம்ப். அதைத் தேடிப் புறப்பட்டேன். நான்கு மாதம் போய்விட்டது.

கொரட்டூரில் ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, வெயிலில் நடந்தே ரிச்சி ஸ்ட்ரீட். இந்த நான்கு மாதத்தில் எத்தனை நடை என்று உன் தங்கச்சியிடம் கேட்காதே, கணக்கு வைத்திருக்கிறாள். முதல் நாளே ஒரு பையன், "ஃபைவ் பாயின்ட் ஒன் போர்டா சார், இந்தாங்க" என்று கையில் வைத்தான். திருப்பிப் பார்த்தால் வரிசையாக 4558 ஐசி, சும்மா கூட்டிக் கழிக்கிற சாதாரண சிப். இடதையும் வலதையும் கூட்டினால் சென்டர், கழித்தால் சரவுண்டு, அடிச்சத்தத்தை மட்டும் வடிகட்டினால் சப். இரண்டு சேனல்தான் உள்ளே போகிறது, ஆறாக வெளியே வருகிறது. தயிர்சாதத்தையே ஆறு கிண்ணத்தில் வைத்து விருந்து என்கிற கதை. ஆனால் ஒன்று சொல்லணும். பழைய ஸ்டீரியோ பாட்டுக்கு அது மோசமில்லை. நடுவில் பாடுகிற குரல் கழித்தலில் காணாமல் போய், பின்னாலிருந்து வயலினும் எதிரொலியும் மட்டும் வரும்போது ராத்திரி பதினொரு மணிக்குக் கண்ணை மூடினால் தேவலோகம். படத்துக்குத்தான் உதவாது.

அடுத்தது ரிமோட் கிட். பிடி 2258 என்று ஒரு சிப், ஆறு சேனல் வால்யூமும் அதற்குள்ளேயே. ஒவ்வொரு டெசிபலாக 79 வரை இறக்கும். ஆறையும் ஒரே குமிழில் திருப்ப நான் எந்தக் கடையில் போய் பாட் என்கிற பழைய வால்யூம் கண்ட்ரோலைத் தேடுவது? கார்பன் தேய்ந்து கரகரவென்று அழுகிற தொல்லையும் இல்லை. ஆனால் அதற்கு ஆறு சேனலையும் யாராவது பிரித்துக் கொடுக்க வேண்டும். பின்னால் ஆறு ஓட்டை வைத்த பழைய டிவிடி பிளேயர் கொடுக்கும், அதுவும் அதன் தட்டில் இருப்பதை மட்டும். நம் வீட்டில் இப்போது யார் தட்டுப் போட்டுப் பார்க்கிறார்கள்?

கடைசியில் அதே பையனிடம் டீகோடர் போர்டு. டிவியிலிருந்து சத்தத்தை வாங்க ஆப்டிகல் இருக்கிறது, ஏஆர்சி இருக்கிறது, டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் என்று கட்டி அனுப்புகிற சத்தத்தை நிஜமாகவே சேனல் சேனலாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு சேனலுக்கும் தனி லெவல், தனி டிலே. சத்தம் ஓர் அடி கடக்க ஏறக்குறைய ஒரு மில்லிசெகண்டு, அதனால் தலைக்குப் பக்கத்தில் இருக்கிற பின் ஸ்பீக்கரைக் கொஞ்சம் காக்க வைக்கணும். ஹால் பத்துக்குப் பன்னிரண்டு, டேப்பைப் பிடித்து அளந்து வைத்தேன். இதில் ஒரு கூத்து. மூன்று நாள் ஆகா ஓகோ என்று கேட்டுக்கொண்டிருந்தேன். சின்னவன் வந்து டிவி மெனுவைப் பார்த்துவிட்டு, "அப்பா, ஆடியோ பிசிஎம்ல இருக்கு, வெறும் ரெண்டு சேனல்தான் வருது" என்றான். ஓடிடியில் வருவது டால்பி டிஜிட்டல் பிளஸ்ஸாம். அது ஆப்டிகலில் போகாது, டிவிதான் சாதாரண டால்பி டிஜிட்டலாக மாற்றித் தர வேண்டுமாம். மாற்றினான். பின்னால் மழை பெய்தது. உன் தங்கச்சி எழுந்துபோய் மொட்டைமாடித் துணியை எடுத்து வந்துவிட்டாள்!

ஸ்பீக்கரில் ஊம் என்று ஹம்மிங் வந்தது, அதையும் பிடித்தேன். கிரவுண்டு ஒயர் எல்லாவற்றையும் ஒரே போல்ட்டுக்குக் கொண்டுவந்ததும் அடங்கிவிட்டது. நீ சொல்லிக்கொடுத்ததுதான்.

இனிமேல்தான் விஷயம்.

பின்பக்க இடது ஸ்பீக்கரில் சத்தம் கம்மி. கம்மி என்பதைவிட மங்கல். டெஸ்ட் டோன் போட்டால் உஸ்ஸ் என்று ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சுற்றி வருமே, வலது பின்னால் மணல் சல்லடையில் சலிக்கிற மாதிரி இருக்கிறது, இடது பின்னால் அதே மணலை ஈரமாக்கிச் சலிக்கிற மாதிரி. போர்டு டுபாக்கூர் என்று எடுத்துக்கொண்டு போய் அந்தப் பையனிடம் சத்தம் போட்டேன். கூட்டம் கூடிவிட்டது. அவன் பேசாமல் வேறு போர்டு கொடுத்தான். வீட்டுக்கு வந்து மாட்டினால் அதே ஈரமணல்.

அப்புறம்தான் புத்தி வந்து முறையாகப் பார்த்தேன். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்று அம்பத்தூரில் முப்பது வருஷம் அப்ரெண்டிஸ் பையன்கள் தலையில் குட்டினவன் நான். இடது வலது வயரை மாற்றினேன், இடதுதான் மங்கல். பெட்டிகளை இடம் மாற்றினேன், அப்போதும் இடது. சரி, ரூம் என்று அந்தப் பக்கத்துத் திரைச்சீலையைக் கழற்றினேன். தெரு மொத்தமும் என்னை வேடிக்கை பார்த்ததுதான் மிச்சம். ஒரு ராத்திரி டோனை ஓடவிட்டுவிட்டு, பின் ஸ்பீக்கரின் முனையை முடுக்க நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். டிவி முதுகுப் பக்கம். இப்போது அந்த மங்கல் ஸ்பீக்கர் பளிச்சென்று பேசுகிறது. நன்றாக இருந்த மற்றது மங்கிவிட்டது. திரும்பி உட்கார்ந்தேன். பழையபடி. மறுபடி திரும்பினேன். கையில் ஸ்க்ரூடிரைவரோடு ஏழெட்டுத் தடவை திரும்பித் திரும்பி உட்கார்ந்திருப்பேன்டா. மங்கல் என்கூடவே சுற்றியது.

அழுக்காக இருக்கும் என்று காது டாக்டரிடம் போனேன். அழுக்கும் இருந்தது, எடுத்தார். அப்புறம் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, கேட்டால் பட்டனை அழுத்து என்றார்கள். வலது காதுக்கு டக்டக்கென்று அழுத்தினேன். இடது காதுக்கு ஒரு கட்டத்துக்கு மேல் எதுவுமே வரவில்லை. மிஷின் நின்றுவிட்டது போல என்று நினைத்து வெளியே இருந்த பெண்ணைப் பார்த்தேன். அவள் தலையை நிமிர்த்தாமல் எதையோ திருகிக்கொண்டே இருந்தாள். படத்தில் 2000 ஹெர்ட்ஸிலிருந்து கோடு சரிகிறது, 4000-ல் பள்ளம். "எந்த வேலை பார்த்தீங்க?" என்றார் டாக்டர். பிரஸ் ஷாப், தகடு அடிக்கிற இடம் என்றேன். என் மேஜைக்கு இடது கைப்பக்கம்தான் பெரிய பிரஸ், நீகூட வந்து பார்த்திருக்கிறாய். காதில் பஞ்சு வைத்தவர்களைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருத்தன். ஒரு பக்கம் மட்டும் இப்படி இருந்தால் விடக்கூடாது என்று எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார். எடுத்தாயிற்று, உள்ளே ஒன்றுமில்லை. ரிப்போர்ட் வர இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளைப் பற்றி நேரில் சொல்கிறேன். போனது போனதுதானாம், திரும்பாதாம்.

போன தடவை போனில் உன்னைக் கஞ்சன் என்றேன் இல்லையா, "கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கு, நல்ல போன் வாங்குடா" என்று? நீயும் கோபத்தில் வைத்துவிட்டாய். நான் போனை எப்போதும் இடது காதில்தான் வைப்பேன். இப்போது புரிகிறதா? உன் போனில் ஒரு கோளாறும் இல்லை. அந்தக் கடைப் பையனிடமும் போய்ச் சொன்னேன். "விடுங்க சார்" என்று டீ வாங்கிக் கொடுத்தான். மனசு கேட்காமல் தேவையில்லாத இரண்டு மீட்டர் ஆப்டிகல் ஒயர் வாங்கிக்கொண்டு வந்தேன்.

டீகோடரில் இடது பக்கத்தை ஆறு டெசிபல் ஏற்றிப் பார்த்தேன். எனக்கு ஓரளவு சரியாக வந்தது. சின்னவன், "என்னப்பா, எல்லாரும் அந்தப் பக்கமே நின்னு கத்துறாங்க" என்கிறான். மொபைலில் சத்தம் அளக்கிற ஆப்பை வைத்து இரண்டு பக்கமும் சமமாக வைத்தால் அவனுக்குச் சரி, எனக்கு ஈரமணல். உன் தங்கச்சி, "உங்களுக்கு மட்டும்னா ஏத்திக்குங்க, நாங்க பாக்கும்போது இறக்கிடுங்க" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். ரிமோட்டில் அது நான்கு பட்டன் வேலை.

இப்போது இன்னொன்று வந்து சேர்ந்திருக்கிறது. புரசைவாக்கத்தில் ஒருவர் பழைய ஏவி ரிசீவர் தருகிறேன் என்கிறார், டீகோடரும் ஆம்பும் ஒரே பெட்டியில் இருக்கிறது. என் பவர் ஆம்புக்கு இழுத்துக் கொடுக்க ஆறு ப்ரீ அவுட்டும் உண்டு. அதில் மைக்கை நாம் உட்காரும் இடத்தில் வைத்தால் அதுவே டோன் விட்டு லெவலையும் தூரத்தையும் வைத்துக்கொள்ளும். என் டீகோடரைப்போல் நான்கு மடங்கு விலை. பத்து நாள் வீட்டில் வைத்துக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் என்று கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். இரண்டும் இப்போது மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. மாற்றி மாற்றி மாட்டிக் கேட்கிறேன். ரிசீவரில் மேல்சத்தம், அதாவது ட்ரெபிள், சுத்தமாக இருக்கிற மாதிரி தோன்றுகிறது. தோன்றுகிறது என்று எழுதும்போதே எனக்குச் சந்தேகம். மேல்சத்தத்தைப் பற்றிச் சாட்சி சொல்ல நான் யார்? சின்னவனைக் கேட்டால் இரண்டும் ஒன்றுதான் என்கிறான், அவனுக்குக் கிரிக்கெட் கேட்டால் போதும்.

ஹாஸ்டலில் மூன்றாவது மாடியிலிருந்தே கீழே வார்டன் சாவிக்கொத்துச் சத்தம் கேட்டு விளக்கை அணைத்தவன் நீ. நாய்க்காதன். அந்தக் காது எனக்கு ஒருநாள் வேண்டும். பத்து நாளில் நான்கு போய்விட்டது, ஞாயிற்றுக்கிழமைக்குள் அவருக்குப் பதில் சொல்லணும். சனிக்கிழமை காலை வைகையில் ஏறினால் மத்தியானத்துக்கு மேல் எழும்பூர். நான் வந்து நிற்கிறேன். எது எது என்று சொல்லமாட்டேன், நீ திரும்பி உட்கார்ந்துகொள், நான் ஒயரை மாற்றுகிறேன். நீ கையைக் காட்டுகிறதுதான் வாங்குவது.

வரும்போது அந்தப் பழைய சால்ட்ரிங் அயர்னை எடுத்து வா. அது என்னுடையது.

உன்,
மணி

(போன் செய்வதானால் செய். இப்போது வலது காதில்தான் வைக்கிறேன்.)