வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதம் ஒரு கூட்டம் என்று தீர்மானம் போட்டிருந்தோம். மழையில் ஒன்றும் பரீட்சை நேரத்தில் ஒன்றும் விட்டுப்போயின. தொடக்கக் கூட்டங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நாவல் விமர்சனத்துக்கு வந்த பதினோரு பேரில் நாவலைப் படித்திருந்தவர்கள் மூன்று பேர்.

அப்புறம்தான் பொருளாளர் ஒரு வேலை செய்தார். தூக்கம் வராத ஓர் இரவில் கைப்பேசியைத் துழாவியபோது, யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் ககனின் பண்டைய கிரேக்க வரலாற்று வகுப்பு அவர் கண்ணில் பட்டிருக்கிறது. 2007இல் வகுப்பறையிலேயே பதிவான 24 உரைகள், இலவசம். ககன் 1932இல் லித்துவேனியாவில் பிறந்து புரூக்ளினில் வளர்ந்தவர். ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் நடந்த பெலப்பொனேசியப் போரைப் பற்றி நான்கு தொகுதிகள் எழுதியவர். 2021இல் மறைந்துவிட்டார். அவர் குரல் நம்மிடம் வந்து சேர்ந்தது அதற்குப் பிறகு.

“கிரேக்கம் நமக்கெதற்கு?” என்று ஆட்சேபித்தவன் நான்தான். நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் என் கையெழுத்திலேயே இருக்கிறது.

நூலக மாடியில் ஸ்பீக்கரில் போட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்துவோம். வரலாற்று ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற நம் உறுப்பினர் தமிழில் சொல்வார். ஏதென்ஸ் ஜனநாயகத்துக்கு வந்தபோது அவர் ஓர் அட்டைப்பெட்டியையே கொண்டுவந்துவிட்டார். ஏதென்ஸில் நீதிமன்றத்தில் உட்காருவோரைக் குலுக்கித் தேர்ந்தெடுக்கக் கல்லிலேயே ஒரு பொறி இருந்தது. பெயர்த் தகடுகளை வரிசையாகச் செருகி, குழாயில் கறுப்பும் வெள்ளையுமாகக் குண்டுகளைப் போடுவார்கள். வெள்ளை விழுந்தால் அந்த வரிசைக்கு வேலை. கறுப்பு விழுந்தால் வீட்டுக்குப் போகலாம். நம் அட்டைப்பெட்டியில் கறுப்புக்கு மிளகு, வெள்ளைக்கு உளுந்து. மூன்று முறை போட்டும் தலைவருக்கு மிளகுதான்.

உடனே உத்திரமேரூர் குடவோலைப் பேச்சு வந்தது, வராமல் இருக்குமா? கணக்குக் காட்டாதவரை அங்கேயும் தள்ளிவைத்தார்கள் என்று ஒருவர் நினைவுபடுத்தினார். ஏதென்ஸில் பதவி முடிந்தவர் கணக்கை ஒப்படைக்கும்வரை ஊரைவிட்டே போக முடியாது. இதைக் கேட்டதும் எல்லோரும் பொருளாளரைத் திரும்பிப் பார்த்தார்கள். டீச் செலவு ரசீதுகள் அடுத்த கூட்டத்திலேயே மேசைக்கு வந்தன. உரைகளைக் கண்டுபிடித்தவருக்கே இந்தக் கதி.

போரில் இறந்தவர்களுக்காக ஏதென்ஸ் தலைவர் பெரிக்ளிஸ் ஆற்றிய இரங்கல் உரைக்கு இரண்டு கூட்டங்கள் போயின. அண்டை வீட்டுக்காரர் தன் விருப்பப்படி வாழ்ந்தால் நாங்கள் கோபிப்பதில்லை என்று அதில் ஏதென்ஸைப் பற்றிப் பெருமைப்படுகிறார். “யாருக்கு இந்தச் சுதந்திரம்?” என்று கேட்டார் ஒரு பெண் உறுப்பினர். பெண்களுக்கு வாக்கு கிடையாது. லாரியன் வெள்ளிச் சுரங்கத்தில் உழைத்தவர்கள் அடிமைகள். கி.மு. 416இல் பணிய மறுத்த மெலோஸ் தீவின் ஆண்களைக் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் விற்றதும் இதே ஏதென்ஸ்தான். ககனுக்கு ஏதென்ஸ்மேல் பாசம் கொஞ்சம் அதிகம் என்பது என் அபிப்பிராயம். ஆனாலும் இந்தச் சண்டை அளவுக்கு வேறெதுவும் நம் வட்டத்தில் ஆளைக் கூட்டியதில்லை. அன்று நாற்காலி போதாமல் மாடிப்படியில் உட்கார்ந்தார்கள்.

இன்னும் ஆறு உரைகள் பாக்கி. ஸ்பீக்கரில் கரகரப்பு வருகிறது, பழுதுபார்க்க வேண்டும்.

வரவு செலவைப் பொருளாளர் ரசீதுகளோடு வாசிப்பார். அடுத்த ஆண்டுச் செயலாளரைச் சென்ற கூட்டத்தின் தீர்மானப்படி குலுக்கலில் எடுக்கிறோம். அட்டைப்பெட்டி மேசைமேல் தயாராக இருக்கிறது. உளுந்து மட்டும் யாராவது கொண்டுவந்திருந்தால் கொடுக்கவும்.

இப்படிக்கு,
செயலாளர்