பால்டிமோரின் பாபி மேத்யூஸ்

அன்புள்ள கதிருக்கு,

பேஸ்பாலில் 297 ஆட்டங்கள் வென்ற பிட்சரின், அதாவது பந்து வீசுபவரின், பெயர் ஏன் சிறந்த ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் இல்லை என்று போனில் கேட்டாயே. பாபி மேத்யூஸ் நீ இப்போது இருக்கும் பால்டிமோரிலேயே 1851இல் பிறந்தவர். அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஆள் 5 அடி 5 அங்குலம், எடை சுமார் 64 கிலோ. 1871 மே 4, இண்டியானாவின் ஃபோர்ட் வேன் நகரில் முதல் தொழில்முறை லீக்கின் முதல் ஆட்டம். உள்ளூர் கெக்கியோங்கா அணிக்கு அவர் பந்து வீச, கிளீவ்லாந்து ஒரு ரன்கூட எடுக்கவில்லை. 2-0. அன்று ஃபீல்டர்கள் வெறுங்கையால்தான் பிடித்தார்கள். பந்து நழுவிக்கொண்டே இருக்கும், ஓர் அணி பத்து இருபது ரன் எடுப்பது சாதாரணம். அதனால்தான் அந்த 2-0 அவ்வளவு பெரிது.

பிட்சர் நின்ற கோடு பேட்டரிடமிருந்து 45 அடியில். நம் கிரிக்கெட் பிட்ச் 66 அடி என்பதை நினைத்துக்கொள். கை இடுப்புக்குக் கீழிருந்துதான் வர வேண்டும். பந்து மேலே வேண்டுமா, கீழே வேண்டுமா என்று பேட்டரே சொல்லிவிடுவார். எந்த உயரத்தில் வரும் என்று தெரிந்த பந்தைச் சரியாக அடிக்கவிடாமல் செய்ய வேண்டும்!

மேத்யூஸ் வேகத்தை மாற்றினார், பந்தை வளைத்தார். விடும் நொடியில் மணிக்கட்டைத் திருகினால் பந்து சுழலும். சுழலும் பந்து காற்றை ஒரு பக்கம் தள்ளி, தான் மறுபக்கம் விலகும். திருகு குறைந்தால் நேராக, அடிக்க வாகாக வந்துவிடும். கூடிப்போனால் பேட்டருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிக்கும் கேட்சர் தவறவிடுவார், பேஸில் நிற்கும் எதிரணிக்காரர் அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவார். கேட்சரின் வெறுங்கை தாங்குகிற அளவுதான் வளைவு. 1883 முதல் 1885 வரை ஃபிலடெல்ஃபியாவுக்காக ஆண்டுக்கு 30 வெற்றி கொடுத்தார். அந்த இடைவெளியில்தான் தோளுக்கு மேலிருந்து வீசவும் விதி இடம் கொடுத்தது.

இனி உன் கேள்வி. 297இல் 131 வெற்றிகள் 1871 முதல் 1875 வரை நடந்த நேஷனல் அசோசியேஷனில், அதாவது நான் சொன்ன அந்த முதல் தொழில்முறை லீக்கில், வந்தவை. அதை மேஜர் லீக் கணக்கில் சேர்ப்பதில்லை. கழித்தால் 166. எனக்கு இது அநியாயமாகத்தான் படுகிறது. எதிரே நின்ற பேட்டர்கள் அந்நாட்டின் மிகச் சிறந்தவர்கள்தானே. 1898இல், 46 வயதில், அதே பால்டிமோரில் இறந்துபோனார்.

ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் 45 அடி அளந்து ஒரு கோடு போடு. அங்கிருந்து நண்பனை இடுப்புக்குக் கீழே கை வைத்து வீசச் சொல்லி நீ மட்டை பிடித்துப் பார். எப்படி இருந்தது என்று எழுது.

அன்புடன்,
அம்மா