குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி இந்த ஆண்டு நோய்த்தடுப்பை முதன்மைப் பணியாக எடுத்துக்கொண்டோம். செயற்குழு மாதம் ஒருமுறை கூடியது. இரண்டு மாதங்கள் மட்டும் போதிய உறுப்பினர்கள் வராமல் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாகச் சமர்ப்பிப்பார். தெருவிளக்கு, வாகன நிறுத்தம் குறித்த மனுக்களின் நிலை பின்னிணைப்பில் இருக்கிறது; அதை இங்கே வாசிக்கப் போவதில்லை.

ஆண்டுத் தொடக்கத்தில் நாங்கள் போட்ட கணக்கு எளிமையானது. மக்களுக்கு விவரம் தெரியவில்லை, சொன்னால் செய்துவிடுவார்கள் என்று நினைத்தோம். கொசு, குடிநீர், தடுப்பூசி, இரத்த அழுத்தம் எல்லாவற்றையும் ஒரே துண்டறிக்கையில் அச்சடித்து ஒரு வீடு விடாமல் கொடுத்தோம். மூன்று வாரம் கழித்து கொசுப்புழு பார்க்கப் போன ஒரு வீட்டில், அந்தத் துண்டறிக்கையை எட்டாக மடித்து ஆடுகிற மேசையின் காலுக்கு அடியில் செருகியிருந்தார்கள். அந்த அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். தண்ணீர் தேங்கக் கூடாது, வாரம் ஒருமுறை கவிழ்க்க வேண்டும் என்று துண்டறிக்கையில் இருந்ததைக் கடகடவென ஒப்பித்தார். பிறகு ஃப்ரிட்ஜுக்குப் பின்னால், அடியில் இருக்கும் தட்டில் டார்ச் அடித்தோம். புழுக்கள் வெளிச்சம் பட்டதும் நெளிந்து அடியில் போய் ஒட்டிக்கொண்டன. "தெரியும் தம்பி, இதை நகர்த்த வீட்டில் ஆள் இல்லையே" என்றார். முழங்கால் வலியோடு தனியாக இருப்பவர். அவரிடம் இன்னொரு துண்டறிக்கையைக் கொடுத்து என்ன பயன்?

அன்றைக்குப் பிறகுதான் எங்கள் வேலையின் போக்கு மாறியது. வாரத்தில் ஒரு நாள், ஞாயிறு காலை, தெருவுக்கு நான்கு இளைஞர்கள் என்று முறை வைத்தோம். பேச்சே கிடையாது, ஃப்ரிட்ஜை நகர்த்துவது, மாடித் தொட்டியின் மூடியைப் பார்ப்பது, பூந்தொட்டித் தட்டைத் தேய்ப்பது, அவ்வளவுதான். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக 7 முதல் 10 நாட்கள் ஆகும். வாரம் ஒருமுறை கலைத்துவிட்டால் அது இறக்கை முளைக்கும் வரை போகாது. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது என்பதை நாங்களே தாமதமாகத்தான் புரிந்துகொண்டோம். முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரச் சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடு இருந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். அதனால் நார் போட்டுத் தேய்க்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு வருத்தத்தையும் பதிவு செய்கிறேன். உறுப்பினர்கள் அதிகம் கேட்டது புகை மருந்து. புகை அடித்தால் வேலை நடந்த மாதிரி கண்ணுக்குத் தெரிகிறது, மனதுக்கு நிறைவாகவும் இருக்கிறது. ஆனால் அது அந்த நேரத்தில் பறந்துகொண்டிருக்கும் கொசுவைத்தான் கொல்லும், தட்டில் இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது. ஏடிஸ் பொதுவாகச் சில நூறு மீட்டருக்கு மேல் பறப்பதில்லை. நம்மைக் கடிக்கிற கொசு பெரும்பாலும் நம் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பிறந்ததுதான். ஒரே ஒரு வீடு கதவைத் திறக்காவிட்டால் அந்தத் தெருவின் உழைப்பு பாதி வீண். பூட்டிய வீடுகள் எங்களுக்குக் கடைசி வரை பிடிபடவில்லை.

கதவு திறப்பது பற்றிச் சொல்லும்போது, செயற்குழுவில் நாங்கள் அடிக்கடி பேசிக்கொண்ட ஒரு பழைய நிகழ்ச்சி. 1854ஆம் ஆண்டு இலண்டன் சோஹோ பகுதியில் காலரா வந்து 600 பேருக்கு மேல் இறந்தார்கள். பிராட் தெருவின் அடிபம்பு நீர்தான் காரணம் என்று மருத்துவர் ஜான் ஸ்னோ கண்டுபிடித்ததும், பம்பின் கைப்பிடியைக் கழற்ற வைத்ததும் பலருக்குத் தெரியும். ஹென்றி வைட்ஹெட் என்ற இளம் பாதிரியாரை அவ்வளவாக யாரும் நினைப்பதில்லை. முதலில் அவர் ஸ்னோ சொன்னதை நம்பவே இல்லை. தவறு என்று காட்டத்தான் விசாரணையைத் தொடங்கினார். அந்தத் தெருக்காரர்களை அவருக்குப் பெயர் சொல்லித் தெரியும், ஒரே வீட்டுக்கு நான்கைந்து முறை போய் உட்கார்ந்து பேச முடிந்தது. நோயுற்ற ஒரு கைக்குழந்தையின் துணி அலசிய நீர் பம்புக்கு மிக அருகே இருந்த கழிவுக்குழியில் ஊற்றப்பட்டதை அவர்தான் வெளிக்கொண்டுவந்தார். ஸ்னோவின் அறிவு இருந்தும் வைட்ஹெட்டின் பழக்கம் தேவைப்பட்டது. இதை முன்னிட்டே, வெளியிலிருந்து ஆள் அழைப்பதை விட்டுவிட்டு அந்தந்தத் தெருவிலேயே ஒருவரைப் பொறுப்பாளராக வைத்தோம்.

தடுப்பூசி முகாம்கள். முதல் முகாமை வேலை நாளில் காலை பத்து மணிக்கு வைத்தோம். நாற்காலிகள்தான் நிறைந்திருந்தன. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தால் அன்றைய வேலையை விட வேண்டும் என்பது எங்களுக்கு உறைக்கவில்லை. அடுத்ததை ஞாயிறு மாலைக்கு மாற்றினோம், கூட்டம் வந்தது. அப்புறமும் சிலர் வரவில்லை. வாட்ஸ்அப் வதந்திதான் காரணம் என்று கூட்டத்தில் பலர் அடித்துச் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பொறுப்பாளர் நேரில் போய்க் கேட்டபோது ஒரு தந்தை வேறு கதை சொன்னார். முன்பு ஊசி போட்ட இரவு குழந்தைக்குக் காய்ச்சல் அடித்திருக்கிறது. அப்படி வரலாம் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. விடிய விடியப் பயந்திருக்கிறார்கள். அதற்கு மேல் அவர் எதையும் நம்பத் தயாராக இல்லை. செவிலியர் அவர் வீட்டுக்கே போய், காய்ச்சல் வந்தால் என்ன செய்வது, எந்த நிலையில் மருத்துவரிடம் ஓட வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தார். அடுத்த முகாமில் அவர்தான் வரிசையில் முதல் ஆள். தட்டம்மை வந்த ஒருவர், தடுப்பாற்றல் இல்லாத 12 முதல் 18 பேருக்குக் கொடுக்கக்கூடும். அது பரவாமல் இருக்க நூற்றுக்கு 95 குழந்தைகளாவது இரண்டு தவணையும் போட்டிருக்க வேண்டும். அதனால் விட்டுப்போன ஐந்தாறு வீடுகளும் கணக்கில் வருகின்றன.

கை கழுவுதல் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பொது அறையில் குழாய் இருந்தது, சோப்பு காவலாளியின் பீரோவில் பத்திரமாகப் பூட்டியிருந்தது. திருட்டுப் போகுமாம்! சோப்பை வலைப்பையில் போட்டுக் குழாயிலேயே கட்டினோம். இதுவரை இரண்டு காணாமல் போயிருக்கின்றன, பரவாயில்லை. சோப்பால் கை கழுவும் பழக்கம் வயிற்றுப்போக்கைக் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறைக்கும் என்று ஆய்வுகள் சொல்கின்றன.

குடிநீரில் நிலைமை திருப்தியாக இல்லை. மேல்நிலைத் தொட்டியைக் கழுவி, குளோரின் கலந்து, அரை மணி நேரம் விட்டுத்தான் திறக்கிறோம். குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். சோதனைப் பெட்டி வாங்கிப் பார்த்ததில் கடைசித் தெருவில் மட்டும் பெட்டியில் இருந்த சோதனைச் சொட்டை விட்டும் நிறமே மாறவில்லை, அதாவது குளோரின் எஞ்சவில்லை. அங்கே குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் ஒட்டினாற்போல் போகின்றன. தண்ணீர் வராத நேரத்தில் குழாயில் அழுத்தம் இறங்கி, விரிசல் வழியாக வெளி அழுக்கை உள்ளே இழுக்கிறது. தொட்டியில் எவ்வளவு மருந்து போட்டாலும் இதைச் சரிசெய்ய முடியாது, குழாயை மாற்ற வேண்டும். உரிய அலுவலகத்துக்கு நான்கு கடிதம் எழுதினோம். முதல் மூன்றுக்குப் பதில் இல்லை. நான்காவதற்கு, கடிதம் கிடைத்ததாகப் பதில் வந்தது. குழாய் மாறும் வரை கடைசித் தெருவினர் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டியிருக்கிறது. எரிபொருள் செலவும் நேரமும் அவர்கள் தலையில். "சுத்தமாக இருங்கள்" என்று அவர்களுக்கு நாம் அறிவுரை சொல்வது சரியில்லை என்பது என் தனிப்பட்ட கருத்து. தலைவர் ஏற்காவிட்டாலும் குறிப்பேட்டில் இருக்கட்டும்.

இரத்த அழுத்த முகாமில் சறுக்கினோம். கூட்டம் நன்றாக வந்தது, படமும் எடுத்தோம். 140/90க்கு மேல் இருந்தவர்களிடம் சீட்டில் எண்ணை எழுதிக் கொடுத்து மருத்துவரைப் பாருங்கள் என்றோம். உயர் அழுத்தம் உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வலியோ தலைசுற்றலோ இல்லாதவர் ஒரு சீட்டை நம்பி மருத்துவமனைக்குப் போவாரா? பிறகு விசாரித்ததில் பலர் போகவில்லை. சீட்டு வாங்கியவர்களின் பட்டியலைக்கூட நாங்கள் ஒழுங்காக வைத்துக்கொள்ளவில்லை. இது முழுக்கச் செயலாளரின் தவறு.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு முன்வைப்பவை: ஞாயிறு முறையைத் தொடர்வது, பூட்டிய வீடுகளின் உரிமையாளர்களிடம் மாற்றுச் சாவி கேட்டு எழுதுவது, அழுத்தம் பார்த்தவர்களை ஒரு மாதத்துக்குள் தெருப் பொறுப்பாளர் மீண்டும் சந்திப்பது, குழாய் மாற்றக் கோரும் மனுவில் கடைசித் தெருவினர் மட்டுமல்லாமல் எல்லாத் தெருவினரும் கையெழுத்திடுவது. மனு நுழைவாயில் மேசையில் இருக்கிறது, பேனாவும் கட்டியிருக்கிறது. துண்டறிக்கைக்கு இந்த முறை நிதி கேட்கவில்லை.

ஞாயிறுதோறும் தூக்கத்தை விட்டு வந்த இளைஞர்களுக்கும், சம்பளமில்லாமல் வீட்டுக்கு வந்து பேசிய செவிலியருக்கும் சங்கத்தின் நன்றி. முழங்கால் வலிக்கார அம்மா இப்போது தன் தெருவின் பொறுப்பாளர். ஃப்ரிட்ஜை நகர்த்தும் நாளில் டார்ச் அவர் கையில்தான் இருக்கிறது.

இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்